தோட்ட வீடு கல்லூரியான கதை

வீட்டைக் கட்டுபவர் ஒருவர். அதில் வாழ்பவர் வேறொருவர். கட்டியவர் எண்ணிய பயன் ஒன்று. காலம் அதற்கு அளிக்கும் பயன் மற்றொன்று. ஊர் பெயர்ந்து வந்து வாழும் நம் போன்ற குடும்பங்கள் இதனை நன்கு அறியும். ஸ்ரீவராகத்திலும் கோட்டையைச் சூழ்ந்த பிற தெருக்களிலும் வாழும் நம்மவருள் பலருக்கு இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று, நாள்தோறும் விளக்கேற்றும் வீடு. மற்றொன்று, திருநெல்வேலிச் சீமையிலோ, நாஞ்சில் நாட்டிலோ, தஞ்சை மாவட்டத்திலோ பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு. ஆண்டுக்கொரு முறை குலதெய்வ வழிபாட்டிற்குச் செல்லுங்கால் பூட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, உடைந்த ஓடுகளை மாற்றி, மறுபடியும் பூட்டிவிட்டுத் திரும்புகின்றோம். அதனை விற்பதா, இடிப்பதா, அப்படியே விட்டுவிடுவதா என்ற பேச்சு நம்மவர் கூடும் இடங்களில் எழாத ஆண்டில்லை.

அவ்வினாவிற்கு நேராக விடை கூறப் புகுமுன், இம்மாதம் இப்பகுதியில் ஒரு வீட்டின் சரித்திரத்தைக் கூற விழைகின்றோம். அது ஓர் ஆங்கிலேயருக்காக எழுந்தது; ஒரு படைத்தலைவரின் பெயரைத் தாங்கியது; ஒரு மன்னருக்குச் சிறையாயிற்று; முடிவில் பெண்கள் கற்கும் கல்லூரியாயிற்று. அவ்வீடு சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ளது. ஆயினும் அதன் கதையில் நம் திருவனந்தபுரத்திற்கும் ஒரு பங்குண்டு.

பெரிய மாளிகை கல்விக்கூடமாவது நம் நகரத்திற்குப் புதிதன்று. பூஜப்புரையிலுள்ள சாடெல்மண்ட் அரண்மனையை அன்பர்கள் அறிவர். 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்த மகாராணி சேது லட்சுமி பாயி வாழ்ந்த மாளிகை அது. இன்று ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அவ்வளாகத்திலே இயங்குகின்றது. இந்தியாவில் உருவாகிய செயற்கை இதய வால்வு அந்நிறுவனத்தாரின் உழைப்பின் பயன். 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பெற்றது. அரச குடும்பத்தினர் உலாவிய இடத்தில் ஆராய்ச்சி மாணவர் உலாவுகின்றனர்.

நுங்கம்பாக்கத்து வீட்டின் கதைக்கு நம் தலைமைச் செயலகத்தின் எதிரே நிற்கும் சிலை வழிகாட்டும். அச்சிலையால்தான் அவ்விடத்திற்கே 'ஸ்டாச்சு' என்று பெயர் வழங்குகின்றது. சிலையில் நிற்பவர் சர் தி. மாதவராவ். 1828-இல் கும்பகோணத்திற் பிறந்து, தமது முப்பதாம் வயதளவில் திருவிதாங்கூர் திவானாகி, 1872 வரை அப்பதவியில் இருந்தவர். 1865-இல் தொடங்கி 1869-இல் முடிந்த செயலகக் கட்டடமும், 1866-இல் தோன்றிய மகாராஜா கல்லூரியும் அவர் திவானாக விளங்கிய காலத்தவை. இவரும் நம்மைப்போல் காவிரிக் கரையிலிருந்து பிழைப்பை நாடி இங்கு வந்த குடும்பத்தவரே. அவர் பின்னாளில் பரோடாவுக்குச் சென்றதற்கும் நுங்கம்பாக்கத்து மாளிகை சிறையானதற்கும் காரணம் ஒன்றே. அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் வீட்டைப் பார்ப்போம்.

தோட்ட வீடு என்பது யாது?

சென்னை நகரம் தோன்றிய நாளில் ஆங்கிலேயர் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே நெருங்கி வாழ்ந்தனர். மதிலுக்கு வெளியே வாழ்வது ஆபத்தாயிருந்தது. 1758, 1759-ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. 1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்தது. 1780-இலும் அவருடைய படை சென்னையின் சுற்றுப்புறங்களைக் கலக்கியது. 1792-இல் திப்பு சுல்தானுடன் உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே வெளியூர் வாசம் அச்சமற்றதாயிற்று. அதன்பின் கம்பெனி உத்தியோகஸ்தரும் வணிகரும் மவுண்ட் ரோடின் இருபுறமும், எழும்பூரிலும், நுங்கம்பாக்கத்திலும், அடையாற்றங்கரையிலும் பரந்த நிலங்களைப் பெற்று, நடுவே மாளிகையும் சுற்றிலும் மரச்சோலையுமாக வீடுகளை எழுப்பினர். இவற்றிற்கே தோட்ட வீடுகள் என்று பெயர்.

நம் வீடுகளோடு ஒப்பிட்டால் இவ்வகை வீட்டின் தன்மை தெளிவாகும். அக்கிரகாரத்து வீடு தெருவோடு ஒட்டியது. பக்கத்து வீட்டிற்கும் நமக்கும் சுவர் ஒன்றே. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று நீளவாக்கிற் செல்லும். ஓர் அறையைக் கடந்தே மற்றோர் அறைக்குச் செல்லவேண்டும். மலையாள நாட்டு நாலுகெட்டோ, நடுமுற்றத்தை நோக்கித் திரும்பி, புறவுலகிற்கு முதுகு காட்டி நிற்பது. இவ்விரண்டிலும் காற்றும் வெளிச்சமும் நடுவிலுள்ள முற்றத்தின் வழியே வருகின்றன.

தோட்ட வீடு இதற்கு நேர்மாறானது. அதற்கு முற்றம் இல்லை. புறமெல்லாம் அதற்கு முற்றமே. நடுவில் உயர்ந்த கூடங்கள். அவற்றைச் சூழ்ந்து தூண்கள் தாங்கும் ஆழ்ந்த தாழ்வாரம். ஒவ்வோர் அறைக்கும் தாழ்வாரத்தை நோக்கித் திறக்கும் பெரிய கதவுகள். வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். கடற்காற்றோ தடையின்றி உள்ளே புகும். கோடையில் கதவுகளில் வெட்டிவேர்த் தட்டிகளைத் தொங்கவிட்டு நீர் தெளிப்பர். கூடத்தின் மேலே தொங்கும் பங்காவை வெளியே அமர்ந்து ஓர் ஆள் கயிற்றால் இழுத்துக்கொண்டிருப்பான். அடுக்களையும் வேலையாட்களின் குடியிருப்பும் புகை வாராத தொலைவில் தனியே இருக்கும். ஆங்கிலேயரின் சொகுசுக்குப் பின்னால் எத்தனை தமிழ்க் கைகள் ஓயாது உழைத்தன என்பதை நாம் மறத்தலாகாது.

உருவம் ஐரோப்பியர் உடையதாயினும் உடல் நம் நாட்டுக் கொத்தர் படைத்தது. வெண்பளிங்கைப் போல் ஒளிவிடும் அத்தூண்கள் பளிங்கினால் ஆனவையல்ல. செங்கற் கட்டின்மேல் சுண்ணாம்பு பூசப்பெற்றவை. கடற்சிப்பிகளைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பை மெல்லிய மணலுடனும் வெல்லநீருடனும் அரைத்துப் பூசுவர். கடைசிப் பூச்சில் முட்டையின் வெண்கருவும், தயிரும், நெய்யும் சேர்த்து, வழவழப்பான கல்லால் நாட்கணக்கில் தேய்ப்பர். 'மதராஸ் சுண்ணம்' என்று மேனாட்டுப் பிரயாணிகள் வியந்தது இதனையே. பத்மநாபபுரம் அரண்மனையின் கருந்தரையைக் கண்டோர்க்கு இவ்வித்தை புதிதாகத் தோன்றாது. அங்குச் சிரட்டைக் கரி சேர்ந்தது, இங்கு வெண்மை காக்கப்பெற்றது. மேல்தளமும் அத்தகையதே. தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்களை நெட்டுக்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தாற் பிணைப்பர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்நீரும் வெல்லநீரும் தெளித்து இடித்துக் கெட்டிப்படுத்தித் தட்டோடு பதிப்பர். நம் பாட்டனார் வீட்டு மச்சிலும் இம்முறையைக் காணலாம்.

டவுட்டன் இல்லம்

நுங்கம்பாக்கத்தில் கூவம் ஆற்றை ஒட்டிய நிலத்தில் இத்தகைய மாளிகை ஒன்றை 1798-ஆம் ஆண்டையொட்டிப் பெஞ்சமின் ரோபக் என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் எழுப்பினார் என்பர். இரு நிலைகளும், முன்புறத்தே உயர்ந்த தூண் வரிசையும் கொண்ட மாளிகை அது. பின்னர் அது லெப்டினன்ட் ஜெனரல் சர் ஜான் டவுட்டன் என்பவருடையதாயிற்று. இன்றளவும் அவர் பெயராலேயே 'டவுட்டன் இல்லம்' என்று வழங்குகின்றது. புரசைவாக்கத்துப் பக்கம் வழங்கும் டவுட்டன் என்ற பெயரோ நிஜாமின் படையில் பணியாற்றிய வேறொரு ஜான் டவுட்டனைக் குறிப்பது. கல்விக்காக அவர் விட்டுச் சென்ற செல்வத்தால் வந்த பெயர் அது. சென்னை செல்லும் அன்பர்கள் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதிருப்பாராக.

ஜெனரல் டவுட்டன் மராட்டியப் போர்களில் பெயர் பெற்றவர். 1817 டிசம்பரில் நாகபுரியில் போன்ஸ்லே மன்னரின் படையை வென்றவர் அவரே. 1819-இல் ஆசிர்கார் கோட்டை வீழ்ந்தபோதும் படை நடத்தியவர். 1847-இல் சென்னையில் இறந்தார். ஒரு மராட்டிய மன்னரின் படையை முறியடித்தவர் வாழ்ந்த இல்லத்திற்கு, அவர் இறந்து 28 ஆண்டுகள் கழித்து, மற்றொரு மராட்டிய மன்னர் காவலுடன் கொண்டுவரப்பட்டார். அவர் பரோடாவின் மல்ஹார் ராவ் கெய்க்வாட்.

மல்ஹார் ராவின் வாழ்க்கை ஒரு நாடகத்தை ஒக்கும். தமையனாரான கண்டே ராவைக் கொல்லச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டின்மேல் சில ஆண்டுகள் சிறையிலிருந்தார். 1870-இல் தமையனார் இறக்கவே, சிறையிலிருந்து சிங்காதனம் ஏறினார். குடிகள் வரிச்சுமையால் வாடிய காலத்திலே பொன்னால் பீரங்கி வார்ப்பித்தவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர். 1875-இன் தொடக்கத்தில், பரோடாவிலிருந்த ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் ஃபேயர் என்பவருக்குப் பழரசத்தில் நஞ்சு கலந்து கொடுக்கச் செய்தார் என்று அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணைக் குழுவில் ஆங்கிலேயர் மூவர், இந்தியர் மூவர். ஆங்கிலேயர் மூவரும் குற்றம் உண்டென்றனர். குவாலியர் மன்னரும், ஜெய்ப்பூர் மன்னரும், சர் தினகர் ராவும் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்றனர். தீர்ப்பு இரண்டுபட்டும் மன்னர் தப்பவில்லை. நஞ்சுக் குற்றத்தை விடுத்து, ஆட்சிச் சீர்கேட்டைக் காரணமாகக் காட்டி, அரசாங்கம் 1875 ஏப்ரலில் அவரை அரியணையிலிருந்து இறக்கிச் சென்னைக்கு அனுப்பியது. டவுட்டன் இல்லம் அவருக்குச் சிறையாயிற்று. எட்டுத் திசையும் கதவு திறந்த தாழ்வாரங்களுள் ஒரு மனிதர் வெளியேற இயலாது உலாவினார். 1882-இல் சென்னையிலேயே உயிர் நீத்தார்.

மன்னர் தெற்கே வந்த அதே காலத்தில், அவர் விட்டு வந்த சமஸ்தானத்தைச் சீர்படுத்த வடக்கே சென்றவர் நம் மாதவராவ். 1875 முதல் 1882 வரை பரோடா திவானாகப் பணியாற்றினார். கிராமத்தில் வளர்ந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை அரச குடும்பம் சுவீகாரம் எடுத்து, மூன்றாம் சாயாஜிராவ் என்று முடிசூட்டியிருந்தது. அச்சிறுவனுக்கு அரச நீதி புகட்டும் பொறுப்பில் மாதவராவும் பங்கு கொண்டார். 1881-இல் அவர் நிகழ்த்திய விரிவுரைகள் நூலாகவும் தொகுக்கப்பெற்றன. அச்சிறுவனே வளர்ந்து, 1906-இல் தம் சமஸ்தானம் முழுவதிலும் ஆண், பெண் இருபாலார்க்கும் கட்டாய இலவசத் தொடக்கக் கல்வியை நிறுவினார். ஆங்கிலேயர் நேராக ஆண்ட மாகாணங்களும் அன்று எட்டாத நிலை அது. பதவியிழந்த மன்னரின் அரியணையில் அமர்ந்தவர் பெண்களுக்குப் பள்ளியின் கதவைத் திறந்தார். அம்மன்னர் சிறையிருந்த வீடோ பத்தே ஆண்டுகளில் பெண்களுக்குக் கல்லூரியாயிற்று.

சிறை கல்லூரியாதல்

1915-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரி தோன்றியது. இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பன்னிரண்டு மிஷன் சங்கங்கள் ஒன்றுகூடி நடத்திய முயற்சி அது. முதல் ஆண்டில் மாணவியர் 41 பேர்; ஆசிரியர் 7 பேர். லண்டன் வெஸ்ட்ஃபீல்டு கல்லூரியில் இலத்தீன், கிரேக்க இலக்கியங்களைக் கற்பித்துவந்த எலினார் மக்டூகல் அம்மையார் முதல்வராக வந்தார். தொடக்கத்தில் ஹைட் பார்க் கார்டன்ஸ் என்னும் வாடகை இல்லத்தில் வகுப்புகள் நடந்தன. மறு ஆண்டே, 1916-இல், கல்லூரி டவுட்டன் இல்லத்திற்குக் குடிபெயர்ந்தது. அன்று தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாகியும் அவ்வில்லம் கல்லூரி வளாகத்தில் நின்று பயன்பட்டு வருகின்றது.

அக்கல்லூரி நிற்கும் சாலைக்குக் 'காலேஜ் ரோடு' என்று பெயர். மகளிர் கல்லூரியால் வந்த பெயர் என்றே பலரும் எண்ணுவர், உண்மை அதுவன்று. கம்பெனியின் ஆங்கிலேய உத்தியோகஸ்தருக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிப்பதற்காக 1812-இல் நிறுவப்பெற்ற புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, பின்னர் இச்சாலையில் மூரட் என்ற ஆர்மீனிய வணிகரின் தோட்ட வீட்டிற்கு வந்தது. அக்கல்லூரியே சாலைக்குப் பெயரளித்தது. அவ்வளாகத்தில் பின்னாளில் கல்வித்துறையின் தலைமை அலுவலகம் அமைந்தது. எனவே ஒரே சாலையில் இரண்டு தோட்ட வீடுகள் கல்விக்கூடமாயின.

இவ்வகை வீடுகள் கல்விக்கு எளிதில் இசைந்ததற்குக் காரணம் அவற்றின் அமைப்பே. பள்ளிக்கு வேண்டுவன யாவை? வெளிச்சம், காற்று, ஐம்பது பேர் அமரத்தக்க அறை. ஒரு வகுப்பினரைக் கலைக்காமல் மற்றொரு வகுப்பினர் நடந்து செல்லும் வழி. ஓடி ஆட நிலம். விருந்துக்கென அமைந்த கூடம் விரிவுரைக் கூடத்திற்கு ஏற்றது. வெயிலுக்கென அமைந்த தாழ்வாரம் வகுப்பறைகளை இணைக்கும் வழிக்கு ஏற்றது. ஆடம்பரத்திற்கென வளைத்த நிலம் விடுதிக்கும் ஆய்வுக்கூடத்திற்கும் விளையாட்டிற்கும் இடம் தரும். கட்டியவர் தம் சுகத்தைக் கருதிப் பெரிதாகக் கட்டினார். அப்பெருமை பிறர் மக்களுக்குப் பயன்பட்டது.

திண்ணையும் பள்ளியும்

இதனைப் படிக்கும் அன்பர்கள், "நம்முடையது மாளிகையன்று, நான்கு தூண் திண்ணையும் இரண்டு கட்டும் உடைய ஓட்டு வீடு. அதற்கும் கல்லூரிக்கும் என்ன பொருத்தம்?" என்று வினவலாம். பொருத்தம் உண்டு. வீட்டைப் பள்ளியாக்குவது மேனாட்டாரிடம் நாம் கற்ற வித்தையன்று. நம் முன்னோர் வீட்டின் முதல் உறுப்பாகிய திண்ணையையே பள்ளியாக வைத்திருந்தனர். மணலில் விரல் தேயத் தேய அரிச்சுவடி பயின்றதும், கீழ்வாய் இலக்கம் ஒப்பித்ததும் அங்கேதான்.

1822-இல் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ, தம் ஆட்சிக்குட்பட்ட எல்லா மாவட்டங்களிலும் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826-இல் தொகுக்கப்பெற்ற கணக்கின்படி பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498. பயின்றோர் 1,88,650 பேர். அரசாங்கத்தின் துணையின்றி, பெரும்பாலும் திண்ணையிலும் மரத்தடியிலும் சத்திரத்திலும் நடந்த பள்ளிகள் அவை. நாம் பெருமை கொள்ளத்தக்க கணக்கே.

ஆனால் அக்கணக்கில் மற்றோர் எண்ணும் உள்ளது. அத்தனை பேருள் பெண்கள் 4,540 பேரே. ஏறத்தாழ ஒன்றேகால் கோடி மக்கள் வாழ்ந்த ராஜதானியில் பள்ளி கண்ட பெண்மக்கள் அவ்வளவே. திண்ணை தெருவை நோக்கித் திறந்திருந்தது. எனினும் உள்ளே அடுக்களையிலிருந்த சிறுமிக்கு அது எட்டாத் தொலைவு. தெருவிற்குள்ளேயே நுழைய விடாது ஒதுக்கப்பெற்ற குலத்துச் சிறுவர்க்கோ அத்தொலைவு இன்னும் பெரிது. நம் திருவிதாங்கூரிலும் அய்யங்காளி, பஞ்சமி என்ற சிறுமியை ஊருட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றதும், அதற்காக அப்பள்ளி தீக்கிரையானதும் முன்னோர் கண்ட சரித்திரம். டவுட்டன் இல்லத்திற்கு 1916-இல் நடந்து சென்ற மாணவியர் சிலரே ஆயினும், அவர்கள் கடந்து சென்ற வாயிற்படி மிக உயர்ந்தது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. ஆகையால் நம் பழைய வீட்டின் திண்ணையில் மீண்டும் படிப்பொலி கேட்கவேண்டுமெனில், அது பழைய திண்ணையாக இருத்தலாகாது. எல்லோர் மக்களும் ஏறி அமரும் திண்ணையாக இருத்தல் வேண்டும்.

பயன்பாடு மட்டும் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். சென்னைக் கடற்கரையில் கேப்பர் இல்லம் என்றொரு தோட்ட வீடு இருந்தது. மகளிர் கிறித்தவக் கல்லூரிக்கு ஓராண்டு முன்னர், 1914-இல், அரசாங்கத்தின் மகளிர் கல்லூரி அவ்வில்லத்திலேதான் தொடங்கிற்று. பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. கல்லூரி இன்றும் சிறப்புற நடைபெறுகின்றது. ஆனால் கேப்பர் இல்லம் இல்லை. பழுதுற்று, இடிக்கப்பெற்று, அவ்விடத்தில் புதிய கட்டடம் எழுந்துவிட்டது. இரண்டு இல்லங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கல்விக்கு வந்தவை. ஒன்று நிற்கின்றது, மற்றொன்று வீழ்ந்தது.

பயன்பாடு வீட்டிற்கு உயிர் என்பது உண்மை. ஆயின் பராமரிப்பு அதற்கு உணவு. சுண்ணாம்புக் கட்டடத்திற்குப் பகை நீரே. தளத்தில் ஒரு வெடிப்பு, சுவரில் ஓர் அரசங்கன்று, அடைபட்ட ஒரு தூம்பு, இவற்றுள் ஒன்று போதும். நான்கு மழைக்காலத்தில் விட்டத்தின் தலை உளுத்துவிடும். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமென்ட் பூசுவது மற்றொரு பிழை. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை உள்ளிருந்தே அரித்துவிடும். இன்று பள்ளி நடத்துவோர்க்கு மின்கம்பி, கழிப்பிடம், தீ விபத்தில் வெளியேறும் வழி ஆகியவையும் தேவை. இவற்றிற்கெல்லாம் பொருள் வேண்டும். ஆதலால் எல்லாப் பழைய வீட்டையும் பள்ளியாக்கிவிடலாம் என்று நாம் கூறவில்லை.

நாம் செய்யத்தக்கது

கூறுவது இதுவே. பூர்வீக வீட்டை ஒரு நினைவுச் சின்னமாகப் பூட்டி வைத்தால் அது நம் கண்முன்னே நினைவாகவே ஆகிவிடும். முழு வீட்டையும் கொடுக்க இயலாதவர் திண்ணையையும் கூடத்தையும் கொடுக்கலாம். உள்கட்டைத் தம் வருகைக்கு வைத்துக்கொள்ளலாம். மாலையில் இரண்டு மணி நேரம் அவ்வூர்ப் பிள்ளைகள் அமர்ந்து படிக்க ஒரு விளக்கும், பாயும், ஓர் அலமாரி நிறைய நூலும் போதும். நகரத்தில் தனி அறையில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியாது. ஒரே அறையில் அறுவர் உறங்கும் வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பெண்பிள்ளைக்குத் தெரியும். நாள்தோறும் ஒருவர் கதவைத் திறந்தால் கறையான் புற்றெடுக்குமுன் கண்ணிற்படும். ஒழுக்கு பெருகுமுன் ஓடு மாற்றப்படும். அவர்களுக்கு இடம் கிடைக்கும்; நமக்கு வீடு மிஞ்சும்.

இதற்குப் பெருந்தடை பணமன்று, பங்காளிகளின் மௌனம். வீடு தாத்தாவின் பெயரிலிருக்கும்; பேரர்கள் மும்பையிலும் சிங்கப்பூரிலும் இருப்பர்; எவரும் எவருக்கும் எழுதுவதில்லை. அன்பர்கள் சில செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். பாகம் பிரியாத சொத்தை ஒரு பங்காளி மட்டும் முழுவதுமாகத் தானம் செய்ய இயலாது. உரிமையுடையோர் அனைவரும் இசைய வேண்டும். 2005-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்திற்குப் பின், இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒப்பான பிறப்புரிமை உண்டு. எனவே மணமாகிச் சென்ற சகோதரிகளைக் கேளாமல் எம்முடிவும் எடுத்தலாகாது. கேட்பது சட்டத்திற்கு மட்டுமன்று, நியாயத்திற்கும் உகந்தது. தானமாயின் பத்திரம் பதிவு செய்யப்பெற்று இருவர் சாட்சிக் கையொப்பம் இடவேண்டும். ஓராண்டிற்கு மேற்பட்ட குத்தகையாயினும் பதிவு தேவை. தானம் செய்ய மனமில்லாதோர் குறித்த ஆண்டுகளுக்குக் குத்தகையாகக் கொடுத்து, கூரையைப் பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வைத்துக்கொள்வது நலம். அப்பொறுப்பை எழுதாது விட்ட இடத்திலேதான் நட்பும் கெடும், வீடும் கெடும்.

ரோபக் தம் மாளிகையைப் பெண்கல்விக்காகக் கட்டவில்லை. டவுட்டனும் அதனை எண்ணியிருக்க மாட்டார். தாழ்வாரத்தில் உலாவிய மல்ஹார் ராவோ, தம் சிறைக்கூடத்தில் ஒருநாள் நாற்பது பெண்கள் கணக்கும் இலக்கியமும் பயில்வர் என்று எவரேனும் கூறியிருப்பின் நகைத்திருப்பார். அம்மூவரும் செய்யாத ஒன்றை நாம் செய்ய இயலும். நம் வீடு நமக்குப்பின் யாருக்கு என்பதை, நாம் இருக்கும்போதே, பங்காளிகளோடு கூடியிருந்து தீர்மானிக்க இயலும்.

வரும் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் தம் பூர்வீக வீட்டின் கூரை நிலை, அறைகளின் எண்ணிக்கை, பங்காளிகள் எத்தனை பேர், அருகில் பள்ளி செல்லும் பிள்ளைகள் எத்தனை பேர் என்னும் நான்கு செய்திகளையும் குறித்துக்கொண்டு வந்து நம் சங்கத்தில் சேர்ப்பிக்குமாறு வேண்டுகின்றோம். பொறியியல் அறிந்தோரும் சட்டம் அறிந்தோரும் நம்முள் பலர் உளர். அவர்களுடன் கலந்து, எவ்வீட்டிற்கு எது தகும் என்பதை இப்பகுதியில் ஒவ்வொன்றாக ஆராய்வோம்.